தோற்ற மேட்ச்சுக்கு ஒரு ‘ஒய்-ஒய்’: ஷிஃப்ட் முடிஞ்சு கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் டீம் ஃபைட்டிங் கேம் கத்துக்கிறது எப்படி?

போச்சம்பள்ளி சிப்காட் பக்கத்தில் ஒரு வாடகை அறை. ராத்திரி பத்தரை மணி. செகண்ட் ஷிஃப்ட் முடிச்சு, மெஸ்ஸில் சாப்பிட்டுட்டு வந்த மூணு பேர் ஒரே லேப்டாப்பைச் சுத்தி உட்கார்ந்திருக்காங்க. அதில் ஒருத்தர் என் பெரியம்மா பையன். வயசு 29. கையில் செகண்ட் ஹேண்டில் வாங்கின கண்ட்ரோலர், திரையில் ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 15’.

“இதோட பதினொண்ணு. வரிசையா பதினொண்ணு தோத்தாச்சுடா. பேசாம இதை அழிச்சுட்டு ரீல்ஸ் பார்க்கலாம்” என்றார் அண்ணன்.

சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் அது சிரிப்பு இல்லை. ஒரு நாளில் எட்டு மணி நேரம் கம்பெனிக்கு. போக வர, குளிக்க, சாப்பிட, தூங்க மீதி. எல்லாம் போக அவருக்குன்னு கிடைப்பது ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்திலும் தினமும் தோற்றுப்போய்ப் படுத்தால் எப்படி இருக்கும்?

இது அவர் ஒருத்தரின் கதை மட்டும் இல்லை. ஃபைட்டிங் கேம் தொடங்குகிறவர்களில் பலர் முதல் சில வாரத்திலேயே விட்டுவிடுவது இந்த இடத்தில்தான். நிறைய மேட்ச் ஆடினால் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறோம். ஆனால், வருவதில்லை. ஏன்? குறைந்த நேரத்தில் முன்னேற என்ன வழி? பார்க்கலாம்.

டீம் ஃபைட்டிங் கேம் என்றால் என்ன?

90-களில் பிறந்தவர்களுக்கு வீடியோ கேம் கடை ஞாபகம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்குப் பெரியவர்களோடு வந்துவிட்டு, காயின் வாங்க நச்சரித்த தலைமுறை நாங்கள். ‘முஸ்தபா கேம்’ என்று நாம் அழைத்தது, கேப்காம் நிறுவனம் 1993-ல் வெளியிட்ட ‘கெடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’. அதில் இரண்டு பேர் சேர்ந்து வில்லன்களை அடிக்கலாம். பக்கத்து மெஷினில் ஓடியது வேறு ரகம். அங்கே உங்கள் எதிரி மெஷின் இல்லை, தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும் இன்னொரு பையன்.

அந்த ரகத்தில் பெரிய மாற்றம் கொண்டுவந்தது எஸ்.என்.கே. நிறுவனத்தின் ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 94’. ஒருத்தருக்கு ஒருத்தர் என்பதற்குப் பதில், மூணு பேர் கொண்ட அணி மூணு பேர் கொண்ட அணியோடு மோதும். ஒருவர் விழுந்தால் அடுத்தவர் இறங்குவார். அடுத்த ஆண்டு வந்த பதிப்பில், பிடித்த மூணு பேரை நாமே சேர்த்து அணி அமைக்கும் வசதியும் வந்தது.

இதில் இன்னொரு வகை ‘டேக்’ ஆட்டம். ஒரே சுற்றுக்குள் ஆளை மாற்றலாம், வெளியே நிற்கும் கூட்டாளியை ஒரு அடிக்கு மட்டும் உள்ளே கூப்பிடலாம். கேப்காமின் ‘எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ 1996-லும், 56 கதாபாத்திரங்கள் கொண்ட ‘மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2’ 2000-லும் இப்படி வந்தவை. 2018-ன் ‘டிராகன் பால் ஃபைட்டர்ஸ்’ இதே வழி. ரயட் கேம்ஸின் ‘2எக்ஸ்கேஓ’ இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரே அணியின் இரண்டு கதாபாத்திரங்களை இரண்டு நண்பர்கள் ஆளுக்கொன்றாகப் பிரித்து ஆடலாம்.

மூணு பேரை எப்படித் தேர்வு செய்வது?

புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தப்பு, பார்க்க மாஸாக இருக்கும் மூணு பேரை எடுப்பது. இரண்டாவது தப்பு, தோற்றதும் மூணு பேரையும் மாற்றுவது.

கிரிக்கெட் பேட்டிங் ஆர்டரை நினைச்சுக்கோங்க. ஓப்பனர், மிடில் ஆர்டர், ஃபினிஷர். தோனியை ஓப்பனிங் இறக்கலாம்தான். ஆனால், கடைசி ஓவரில் யார் நிற்பது?

‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 15’-ல் இதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. அடிக்க அடிக்க, அடி வாங்க வாங்க ‘பவர் கேஜ்’ நிரம்பும். பெரிய தாக்குதல்களுக்கான பெட்ரோல் அது. முதலில் இறங்குபவர் அதிகபட்சம் 3 பார் சேர்க்கலாம். இரண்டாமவர் 4, மூன்றாமவர் 5. முதல் ஆள் செலவு செய்யாமல் விட்டது, அவர் விழுந்த பிறகும் அடுத்தவருக்குப் போகும்.

அதனால்:

• முதல் ஆள்: பெட்ரோல் இல்லாமலேயே நன்றாக ஆடக்கூடியவர். இவர் வேலை ஜெயிப்பது மட்டும் இல்லை, பின்னால் வருபவருக்குச் சேர்த்து வைப்பதும்.
• இரண்டாவது ஆள்: உங்கள் கைக்கு நன்றாகப் பழகினவர். ஆட்டம் எந்தப் பக்கம் போனாலும் தாங்குபவர்.
• மூன்றாவது ஆள்: சேர்த்ததை எல்லாம் கொட்டி, பின்தங்கிய ஆட்டத்தைத் திருப்பக்கூடியவர்.

டேக் ஆட்டங்களில் கூடுதலாக ஒரு கேள்வி: வெளியே நிற்பவர் கூப்பிட்டதும் செய்யும் ஒரே அடி, உள்ளே ஆடுபவருக்கு எந்தக் குறையை அடைக்கிறது? தூரத்தில் அடிக்க முடியாதவருக்குத் தூரத்து அடி கொடுக்கும் கூட்டாளி, மேலே தாவி வருபவர்களிடம் திணறுபவருக்கு மேல்நோக்கி அடிக்கும் கூட்டாளி. தனித்தனியாகப் பலமான மூணு பேரைவிட, ஒருத்தர் ஓட்டையை இன்னொருத்தர் அடைக்கும் மூணு பேர் மேல்.

அணி முடிவானால் குறைந்தது ஒரு மாதம் மாற்றாதீர்கள். தினமும் ஆளை மாற்றினால், தோற்றதற்குக் காரணம் நீங்களா கதாபாத்திரமா என்றே தெரியாது.

ஒரு விநாடிக்கு 60: ஃபிரேம் கணக்கு

ஃபைட்டிங் கேம்கள் பெரும்பாலும் விநாடிக்கு 60 ஃபிரேம் வேகத்தில் ஓடுகின்றன. ஒரு ஃபிரேம் என்பது சுமார் 16.7 மில்லி விநாடி. ஒவ்வொரு அடிக்கும் மூணு பகுதி உண்டு. கை ஓங்கும் நேரம், அடி படும் நேரம், கையை இழுத்துக்கொள்ளும் நேரம். தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அவர்கள் மொழியில் இது ‘சைக்கிள் டைம்’.

கண்ணால் பார்த்து விரலால் அழுத்த மனிதர்களுக்குச் சுமார் கால் விநாடி ஆகும். அதாவது 15 ஃபிரேம். அதைவிட வேகமான அடியைப் ‘பார்த்துத் தடுக்கிறேன்’ என்பது நடக்காத காரியம். பெரிய ஆட்டக்காரர்கள் நம்மைவிடப் பல மடங்கு வேகமானவர்கள் என்பது பாதி கற்பனை. எதைப் பார்த்துத் தடுக்கலாம், எதை முன்கூட்டியே ஊகிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். அதுதான் வித்தியாசம்.

இதற்குச் சாட்சி வேண்டுமா? சீனாவின் ஹாங்சோவில் 2023-ல் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில், ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5’ பிரிவில் தங்கம் வென்ற தென்கொரியாவின் கிம் குவான்-வூவுக்கு அப்போது வயது 44. அதே பிரிவில் இந்தியாவிலிருந்து மயங்க் பிரஜாபதி, அயன் பிஸ்வாஸ் இருவரும் களமிறங்கினார்கள்.

‘ஒய்-ஒய்’ போட்ட அண்ணன்

மறுபடி அந்த அறைக்கு வருவோம். பதினொண்ணு தோத்த அன்றைக்கு ராத்திரி, ரூம்மேட் ஒருத்தர் சும்மா ஒரு வார்த்தை விட்டார். குப்பம் பக்கத்துக்காரர், அவருக்கு ஆட்டமே தெரியாது. “லைன்ல பதினொரு பீஸ் ரிஜெக்ட் ஆனா, பன்னிரண்டாவது பீஸை அப்படியே ஓட்டுவியா?”

ஓட்ட மாட்டார். லைனை நிறுத்தி ‘ஒய்-ஒய் அனாலிசிஸ்’ போடுவார். ஒரு குறை வந்தால் ‘ஏன்?’ என்று திரும்பத் திரும்ப, வழக்கமாக ஐந்து முறை கேட்டு வேரைப் பிடிக்கும் முறை அது. டொயோட்டா உற்பத்தி முறை வழியாக உலகம் முழுக்கப் பரவி, இன்று ஓசூர் தொடங்கி போச்சம்பள்ளி வரை ஷாப் ஃப்ளோர் ஆட்கள் தினமும் நிரப்பும் ஷீட்.

அண்ணன் ஒரு பழைய டைரியை எடுத்தார். கடைசி மேட்ச்சின் ரீப்ளேவைப் போட்டுப் பார்த்து எழுதினார்:

ஏன் தோத்தேன்? அவன் குட்டியாகத் தாவி வந்து உதைச்சதிலேயே பாதி உயிர் போச்சு.

ஏன் உதை பட்டுச்சு? நான் உட்கார்ந்து தடுத்துக்கிட்டு இருந்தேன். தாவி வரும் அடியை நின்னுதான் தடுக்கணும்.

ஏன் எழுந்திருக்கலை? அந்தத் தாவல் ரொம்ப வேகம். பார்க்கும்போதே அடி விழுந்துடுது.

ஏன் அவனைத் தாவ விட்டேன்? அந்தத் தூரத்தில் நான் தீப்பந்து விட்டுக்கிட்டு இருந்தேன். கை ஃப்ரீயா இல்லை.

ஏன் அந்தத் தூரத்தில் தீப்பந்து? பயம். கிட்ட வந்தா என்ன பண்றதுன்னு தெரியலை.

ஐந்தாவது வரியில்தான் விஷயம் இருக்கிறது. அவருக்குத் தெரிந்த காரணம், ‘அவன் வேகம்’. உண்மையான காரணம், நடுத்தூரத்தில் என்ன செய்வது என்று இவரிடம் பதில் இல்லை. ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ்’ வரிசையின் அடையாளமே இந்தக் குட்டித் தாவல், ‘ஷார்ட் ஹாப்’. பார்த்த பிறகு தடுப்பது கஷ்டம். தாவப்போகும் இடத்தில் நின்றபடி ஒரு உதையை முன்கூட்டியே நீட்டி வைக்க வேண்டும்.

வேர் தெரிந்துவிட்டால் மருந்து எளிது. எல்லா நவீன ஃபைட்டிங் கேம்களிலும் இருக்கும் ‘டிரெய்னிங் மோட்’-க்குப் போனார். எதிரே நிற்கும் பொம்மையை அதே மாதிரி தாவ வைத்துப் பதிவு செய்தார். திரும்பத் திரும்ப ஓட விட்டு, உதையால் நிறுத்திப் பழகினார். அந்த வாரம் முழுக்க அது ஒன்றுதான்.

அந்த வாரமும் நிறையத் தோற்றார். ஆனால், டைரியில் வெற்றி தோல்வியை எழுதவில்லை. ‘இன்னைக்கு எத்தனை தாவலை நிறுத்தினேன்’ என்று மட்டும் எழுதினார். அது தினமும் ஏறியது.

ஏன் இது வேலை செய்கிறது?

உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவர் குழுவினரும் 1993-ல் வயலின் கலைஞர்களை வைத்து வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. திறமையை வளர்ப்பது வெறும் வாசிப்பு இல்லை, குறிப்பிட்ட ஒரு குறையைக் குறிவைத்துச் செய்யும் பயிற்சி என்பது அதன் மையக் கருத்து. இசை வகுப்புக்குப் போனவர்களுக்கு இது புரியும். கீர்த்தனை முழுவதையும் பத்து முறை பாடுவதும், இடறும் ஒரு சங்கதியைப் பத்து முறை பாடுவதும் ஒன்றில்லை. ஆன்லைனில் மேட்ச் மேல் மேட்ச் ஆடுவது, இடறலோடு கீர்த்தனையைப் பத்து முறை பாடுவது போல. தப்பும் சேர்ந்து பழகிவிடும்.

நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் கவனிக்க

2002-ல் மேத்யூ வாக்கர் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியவர்கள், ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு சுமார் 20% வேகமாகத் தட்டினார்கள். அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. கண்ட்ரோலரில் பழகுவதும் விரல் வேலைதான். ஆக, தூக்கத்தை வெட்டி ஆடும் மூணாவது மணி நேரம், முதல் மணி நேரத்தில் கற்றதையே கெடுக்கலாம். அடுத்த நாள் மெஷின் முன் நிற்க வேண்டியவர்களுக்கு இது விளையாட்டு விஷயமும் இல்லை, பாதுகாப்பு விஷயம்.

அண்ணன் போட்டுக்கொண்ட விதி: வரிசையாக மூணு தோற்றால் அன்றைக்கு மேட்ச் முடிந்தது. ‘இன்னும் ஒண்ணே ஒண்ணு’ கிடையாது.

நெட் ஸ்லோ, அதான் தோத்தேன்: உண்மையா?

பாதி உண்மை. ஆன்லைனில் ஆடும்போது உங்கள் அழுத்தம் எதிராளியின் கருவிக்குப் போய்ச் சேர நேரமாகும். பழைய முறையில், அது வரும்வரை இரண்டு பக்கமும் ஆட்டமே காத்திருக்கும். கை அழுத்தியதும் நடக்காமல் இழுக்கும். ‘ரோல்பேக்’ முறையில், எதிராளி என்ன செய்வார் என்று கேம் ஊகித்து ஆட்டத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும். ஊகம் தப்பானால் கண் இமைப்பதற்குள் பின்னோக்கிப் போய்த் திருத்திக்கொள்ளும். ‘ஜிஜிபிஓ’ என்ற மென்பொருள் வழியாக இதைப் பிரபலமாக்கியவர் டோனி கேனன். உலகின் மிகப் பெரிய ஃபைட்டிங் கேம் போட்டியான ‘ஈவோ’-வை நிறுவியவர்களில் அவரும் ஒருவர். 2022-ல் வெளியான ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 15’-ல் ரோல்பேக் இருக்கிறது.

ஆனாலும் ரோல்பேக் மாயம் செய்யாது. மொபைல் ஹாட்ஸ்பாட்டைவிட வைஃபை மேல், வைஃபையைவிட ரௌட்டரிலிருந்து நேராக வரும் கேபிள் மேல். கண்டம் தாண்டி ஆடுவதைவிடப் பக்கத்தில் இருக்கும் எதிராளியைத் தேடுங்கள். எல்லாவற்றையும்விட மேல், ஒரே அறையில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடும் ஆள்.

லாகூர் சொல்லும் பாடம்

ஒரே அறை ஆட்கள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குப் பாகிஸ்தானின் லாகூரைப் பார்க்கலாம். அங்கிருந்து வந்த அர்ஸ்லான் ஆஷ், 2019 பிப்ரவரியில் விசா, விமானச் சிக்கல்களைத் தாண்டி ஜப்பான் போய் ‘ஈவோ ஜப்பான்’ போட்டியில் ‘டெக்கன் 7’ பட்டத்தை வென்றார். அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் நடந்த ‘ஈவோ’-விலும் அவர்தான் சாம்பியன்.

டெக்கன் ஒருத்தருக்கு ஒருத்தர் ஆட்டம். ஆனால், அதைக் கற்ற விதம் அணி விஷயம். உலக மேடையில் ஆடும் வாய்ப்பு அதிகம் இல்லாமல், உள்ளூர் ஆட்களோடு மட்டுமே மோதி மோதிக் கூர்மையானவர்கள் அவர்கள். தன்னைப் போல இன்னும் பலர் ஊரில் இருக்கிறார்கள் என்றார் அர்ஸ்லான். தென்கொரியாவின் ஜாம்பவான் ‘நீ’, 2019-லேயே பாகிஸ்தானுக்குப் போய் ஆடிப் பார்த்தார். அங்கே பலரிடம் தோற்றார்.

போச்சம்பள்ளி அறைக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. நூறு முகம் தெரியாதவர்களோடு ஆளுக்கொரு மேட்ச் ஆடுவதைவிட, ஒரே ஆளோடு ‘யார் முதலில் பத்து’ என்று ஆடுவது அதிகம் கற்றுத்தரும். முதல் மூணு மேட்ச்சில் அவர் உங்கள் பழக்கத்தைப் பிடிப்பார். நாலாவதில் நீங்கள் மாறியே ஆக வேண்டும். ஜெயித்தவர் தோற்றவரிடம் ‘நீ இதை எப்பவும் செய்யற, அதான் பிடிச்சேன்’ என்று சொல்லிவிட வேண்டும். ரகசியத்தை மறைத்தால் ஒரு வாரம் ஜெயிக்கலாம். சொல்லிவிட்டால் இரண்டு பேரும் வளரலாம்.

ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிக்கலாம்?

• முதல் 10 நிமிடம்: டிரெய்னிங் மோட். இந்த வாரக் குறை ஒன்று மட்டும்.
• அடுத்த 30 நிமிடம்: மேட்ச். ஜெயிப்பது இலக்கு இல்லை, அந்த ஒரு குறையைத் திருத்துவதே இலக்கு.
• அடுத்த 15 நிமிடம்: தோற்ற ஒரே ஒரு மேட்ச்சின் ரீப்ளே. பெரிய அடி வாங்கிய இடத்தில் நிறுத்தி ‘ஏன்’ கேளுங்கள்.
• கடைசி 5 நிமிடம்: டைரியில் இரண்டு வரி.

நீளமான காம்போக்களை முதல் மாதம் மறந்துவிடலாம். ஆளுக்கு ஒரு எளிய காம்போ, தாவி வருபவரை நிறுத்த ஒரு அடி, தடுத்த பிறகு திருப்பி அடிக்க ஒரு அடி. மூணு பேருக்கும் சேர்த்து ஒன்பது விஷயம். தொடக்கத்துக்கு அது போதும்.

விலை உயர்ந்த ஆர்கேட் ஸ்டிக்கும் தேவையில்லை. சாதாரண கண்ட்ரோலர் போதும், கீபோர்டிலும் ஆடலாம். மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

வீட்டில் கேட்பார்கள்: இது சூதாட்டமா?

இல்லை. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், பணம் கட்டி ஆடி பணம் எதிர்பார்க்கும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. இ-ஸ்போர்ட்ஸை அதிலிருந்து பிரித்துத் தனியாக அங்கீகரிக்கிறது. ‘மேட்ச்சுக்கு நூறு ரூபாய் கட்டு, ஜெயிச்சா இருநூறு’ என்று யாராவது கூப்பிட்டால் அது வேறு ஆட்டம். அந்தப் பக்கம் போகாதீர்கள்.

2026-ல் ஜப்பானின் ஐச்சி–நகோயா ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு அறிவிக்கப்பட்ட இ-ஸ்போர்ட்ஸ் பட்டியலில், ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’, ‘டெக்கன் 8’, ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 15’ மூன்றும் சேர்ந்து ஒரே பதக்கப் பிரிவாக இடம்பெற்றன. சந்தை நாளில் காயின் போட்டு ஆடிய ஆட்டத்தின் வாரிசு அங்கே வரை போயிருக்கிறது. அதற்காக வேலையை விட்டுவிட்டு இறங்கச் சொல்லவில்லை. அமெச்சூராக, வேலையோடு வேலையாக, நேற்றைவிட இன்று கொஞ்சம் நன்றாக ஆடுவதே பெரிய விஷயம்.

பத்துக்கு ஏழு

அந்த ராத்திரிக்கு முன்னால், பர்கூரிலிருந்து வரும் இன்னொரு ரூம்மேட்டோடு ‘யார் முதலில் பத்து’ ஆடியிருந்தார் அண்ணன். ஸ்கோர் 10-2. தோல்வி. அந்த ரூம்மேட் கேம் கடைக் காலத்திலிருந்தே ஆடுகிறவர்.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஆடினார்கள். நானும் இருந்தேன். ஸ்கோர் 10-7. மறுபடி தோல்விதான். ஆனால், அண்ணன் முகத்தில் அந்த ‘அழிச்சுடலாம்’ இல்லை. டைரியைப் பிரித்து, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு, எதிரில் இருந்தவரிடம் கேட்டார்:

“ன்னா, கடைசி மூணுல என்னை எங்க பிடிச்சீங்க? சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”